வெர்லின் டாட்சனின் இடப்பக்கம்

பைன் காட்டுக்கு நடுவே இருக்கும் ஹாரோ க்ரீக் ஊரின் பாப்டிஸ்ட் சபைக்குள் முன்வாசல் வழியாக நுழைய வேண்டுமானால், வெர்லின் டாட்சனின் இரண்டு கைகளைத் தாண்டித்தான் நுழைய வேண்டும். ஒரு கை கதவைத் திறந்து பிடித்திருக்கும். மறு கை வருகிற ஆளை இழுத்து அணைத்துக்கொள்ளும். ஆள் உள்ளே வந்ததும் கதவைப் பிடித்த கை அதை விட்டுவிட்டு அதுவும் போய்ச் சேர்ந்துகொள்ளும். பாஸ்டரின் பிரசங்கத்தில் தூங்கிவிடுகிறவர்கள்கூட இதற்காகவே சரியான நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

வெர்லினுக்கு வயது அறுபத்திரண்டு. வாரநாட்களில் கேஸ் லாரி ஓட்டுகிறார். கிழக்கு டெக்சஸின் அந்த மூலையில் வீட்டுக்கு வீடு தோட்டத்தில் வெள்ளைப் பன்றி மாதிரிப் படுத்திருக்கும் தொட்டிகளை நிரப்புவது அவர் வேலை. லாரி அவருடைய மைத்துனனுடையது. சொந்தமாக அவரிடம் இருப்பவை: ஒரு வீடு, நெல்டா என்ற மனைவி, பெரிய தொப்பை, அப்புறம் சபையின் அந்தக் கதவு.

கட்டிப்பிடிக்கிற வீட்டில் பிறந்தவர் இல்லை அவர். அப்பா மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். மகனின் கல்யாணத்தன்று கையைக் குலுக்கி, "சரி, பாத்து இருந்துக்க" என்றார். அவர் காட்டிய பாசத்தின் உச்சம் அதுதான். அந்த அப்பாவைப் புதைத்த நாளன்று, அந்நாளில் சபைக் கதவில் நின்று ஆட்களை வரவேற்றுவந்த ஹாய்ட் என்ற தடித்த மனிதர் வெர்லினைப் பிடித்து அமுக்கினார். வெர்லினுக்கு மூச்சு முட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் முட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது. ஹாய்ட் பின்னாளில் மகள் வீட்டோடு போய்விட்டபோது, வாழ்க்கையில் எதையும் கேட்டு வாங்காத வெர்லின், அந்தக் கதவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கோடையின் தொடக்கத்தில் கோய் பார்ன்ஹில் அவரை வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கினார். கோய், ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சபையின் பாதுகாப்புக் குழு அவர் பொறுப்பில்தான் இருந்தது.

"வெர்லின், காலம் கெட்டுக் கெடக்கு. யார் வந்தாலும் மொதல்ல பாக்கிறவன் நீ. வெறுங்கையோட நிக்காத."

"எங்க வெறுங்கை? எப்பவும் எவனாவது ஒருத்தன் கைக்குள்ள இருக்கானே."

"சிரிக்காதடா. உங்கிட்டதான் துப்பாக்கி இருக்குல்ல?"

"லாரிக் கதவுப் பைக்குள்ள கெடக்கு. பாம்புக்கு."

"இனி அது உன் இடுப்புல கெடக்கட்டும். ரெண்டே விஷயம்தான். போட்டிருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, நெல்டாவத் தவிர. அப்புறம், ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டேன்னா கோட்டு போட்ட மாப்பிள்ளை மாதிரி வெறச்சுக்கிட்டு நிப்ப. தெனமும் போடு. ஒடம்புக்கு மறந்து போகணும்."

தினமும் போடுவது என்றால் நல்ல உறை வேண்டும். அந்த ஊரில் துப்பாக்கி வைத்திருக்கும் எந்த வீட்டிலும், ஒத்துவராத உறைகள் போட்டுவைத்த ஒரு பெட்டி இருக்கும். யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. அடுத்தவனுக்குக் கொடுப்பதுமில்லை, தன்னைப் படுத்தியது அவனையும் படுத்தும் என்ற நல்லெண்ணம்தான். வெர்லின் வீட்டில் அது துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் இருந்த பழைய பூட்ஸ் பெட்டி. அந்தக் கோடையில் பெட்டி நிரம்பி மூடி எழும்பிவிட்டது.

முதலில் வந்தது வயிற்றுக்கு முன்னால் செருகும் உறை. இணையத்தில் ஓர் ஒல்லிப் பையன் அதைப் போட்டுக்கொண்டு குனிந்து, நிமிர்ந்து, ஓடியும் காட்டியிருந்தான். வெர்லின் லாரியில் ஏறி உட்கார்ந்ததும் துப்பாக்கியின் பிடி தொப்பைக்குள் புதைந்தது; முனை எங்கே குத்தக் கூடாதோ அங்கே குத்தியது.

"அந்தப் பையனுக்கு அது சரி" என்றாள் நெல்டா. "அவனுக்கு முன்பக்கம் காலியா இருக்கு. உனக்கு அங்க ஏற்கெனவே ஆள் குடியிருக்கு."

அடுத்து, வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை. தலையணை மாதிரி மெத்தென்று இருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு கேஸ் ஊற்றினால் என்ன ஆகும் என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. நெல்டா பவுடரைத் தட்டித் தட்டி, "திரும்பு, இந்தப் பக்கம், இன்னும் திரும்பு" என்று பிள்ளைக்குப் போடுவதுபோலப் போட்டுவிட்டாள்.

மூன்றாவது தோல் உறை, வலது இடுப்பில். நடக்கும்போது நன்றாக இருந்தது. லாரி ஓட்டும்போது சீட் பெல்ட்டின் கொக்கியும் துப்பாக்கியும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டன. வெர்லின் இடப்பக்கம் சாய்ந்தபடியே அந்த வாரம் முழுவதும் ஓட்டினார். எதிரே வந்த பால் வண்டிக்காரர் கையசைத்துப் போய்விட்டு, அப்புறம் போன் செய்து அக்கறையாக விசாரித்தார்: "என்னண்ணே, மூலமா?"

அன்று இரவுச் சாப்பாட்டில், வறுத்த கெளுத்தி மீனை முள் எடுத்தபடி நெல்டா பேச்சைத் தொடங்கினாள்.

"ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"உறையில தப்பில்ல. உன் பேன்ட்லதான் தப்பு."

"பேன்ட்டுக்கு என்ன?"

"உன் இடுப்பு நாப்பது. பேன்ட் முப்பத்தெட்டு. கல்யாணம் ஆன காலத்துல இருந்து நானும் பாக்கறேன், அந்த முப்பத்தெட்டை நீ விட மாட்டேங்கற. உன்னையே உள்ள திணிச்சாகணும், இதுல இரும்பு வேற போகணும்னா எங்கய்யா எடம்?"

வெர்லின் கோபித்துக்கொண்டார். நெல்டா சுட்ட பீக்கன் பை என்ற கொட்டை இனிப்பையே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குக் கோபம். மறுநாள் நெல்டா கடைக்குப் போய் நாற்பதில் மூன்று பேன்ட்டும், மாட்டுத் தீவனக் கடையிலிருந்து வளையாத அகலமான தோல் பெல்ட் ஒன்றும் வாங்கி வந்து கட்டில்மேல் வைத்தாள்.  வெர்லின் எடுத்துப் போட்டுக்கொண்டார். இடுப்பைச் சுற்றிக் காற்று வந்தது. பல வருஷமாக இல்லாத சுகம்.

பெட்டியில் கிடந்தவற்றிலேயே ஒன்று இப்போது ஒத்துவந்தது. உடம்பைத் தொடும் பக்கம் மெத்தென்ற தோல், வெளிப்பக்கம் துப்பாக்கியின் வடிவத்துக்கே வார்த்த கெட்டி பிளாஸ்டிக். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், பேன்ட்டுக்கு உள்ளே, கொஞ்சம் முன்சாய்வாக வைத்தால் சீட் பெல்ட் கொக்கிக்கும் இடம் கிடைத்தது. ஒரு நாள் வழியோரக் கடையில் பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் கிரேவியும் தின்று, இனிப்பு டீயும் குடித்துவிட்டு எழுந்தபோதுதான் இத்தனை நேரம் ஒருமுறைகூட நெளியவில்லை என்பது உறைத்தது. கையை வைத்துப் பார்த்தார். இருந்தது. வீட்டுக்கு வந்து, "பீக்கன் பை இருக்கா?" என்று கேட்டார். நெல்டாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இதெல்லாம் வாரநாள் கதை. பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

முதல் ஆளாக வந்த வில்மா க்ராப்ட்ரீ வழக்கம்போல இரண்டு கையையும் வெர்லினின் இடுப்பைச் சுற்றிப் போட்டார். "வெர்லின், உங்க அக்காவுக்கு இப்ப—" என்றவர் நிறுத்தினார். "இதென்ன, இடுப்புல கட்டியா?"

"பெல்ட்டு."

"பெல்ட்டா?" வில்மா ஒருமுறை தடவிப் பார்த்தார். வெர்லினுக்கு வியர்த்தது. தூணோரம் நின்ற கோய் உதட்டைக் கடித்தார்.

அந்த வாரம் டாட்சன் வீட்டு அடுக்களையில் ஒத்திகை நடந்தது. நெல்டாவும் கட்டிப்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. இருந்தாலும் மாவுக் கையோடு வந்து நின்றாள். ஒருமுறை வில்மாவாகவும் ஒருமுறை பாஸ்டரின் மனைவியாகவும் அணைத்தாள். நாற்காலிமேல் ஏறி நின்று ஆறரை அடி உயர டால்டன் லம்ப்கினாகவும் அணைத்தாள். உறையை அக்குளுக்கு மாற்றினால் டால்டன் விலாவைத்தான் அமுக்குவார். கணுக்காலுக்கு மாற்றினால் டால்டனின் பேரப்பிள்ளைகள் ஓடிவந்து காலைத்தான் கட்டிக்கொள்ளும். முன்பக்கம் ஊருக்கே பொது. வெர்லினின் உடம்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் கழட்டி வச்சிட்டுப் போயேன்."

"ஞாயித்துக்கிழமைக்குத்தானடி இத்தனையும்."

"அப்ப கதவை வேற யார்கிட்டயாவது குடு."

 வெர்லின் வெளியே போய், முதல்நாள்தான் கழுவிய லாரியை மறுபடி கழுவினார். நெல்டா ஜன்னல் வழியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இனி அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு வெர்லின் ஒரு பொய்யோடு போனார். வலது தோளில் வலி, கையைத் தூக்க முடியவில்லை. கையை நீட்டிக் குலுக்கினார். ஒவ்வொருவரும் நீட்டிய கையைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, பிறகு குலுக்கினார்கள். அப்பாவின் கை தனக்கு முளைத்துவிட்டது போலிருந்தது வெர்லினுக்கு.

பொய் அதோடு நிற்கவில்லை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் பாஸ்டர், "பிரதர் வெர்லினோட தோளுக்காக" என்று தொடங்கினார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். வெர்லின் கண்ணை மூடாமல் விரித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தைலம் கொடுத்தார்கள். யாரோ வெண்டைக்காய் ஊறுகாய் கொடுத்தார்கள்; அது தோளுக்கு எப்படி உதவும் என்று இவரும் கேட்கவில்லை. கோய் மட்டும் மெச்சிக்கொண்டார்: "நல்ல யோசனைடா."

விஷயம் தெரியாதவர்களில் தோள்வலியை நம்பாத ஒரே ஆள் ஒலீட்டா ப்ரூயட். எண்பதைத் தாண்டிய விதவை. பிள்ளைகள் ஹூஸ்டனிலும் அதற்கு அப்பாலும். மண்சாலையின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். வெர்லின் கைகுலுக்கிய அதே வாரத்தில் அண்டை வீட்டுத் தொட்டிக்குக் கேஸ் ஊற்ற வந்தபோது, ஒலீட்டா அம்மாள் ஜன்னலில் நின்றிருந்தார். அத்தனை கனமான ரப்பர்க் குழாயை வெர்லின் அதே வலது தோளில் போட்டு இழுத்துப் போவதைக் கண்ணால் பார்த்தார்.

அதற்கடுத்த ஞாயிறு வெர்லின் கடைசிவரை கதவில் நின்றும் ஒலீட்டா அம்மாள் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று உள்ளே போனால், அவர் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பாத்திரங்கள் வருகிற அடுக்களைக் கதவு வழியாக வந்திருக்கிறார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. வெர்லின் அருகே போய்க் குனிந்தபோது, அந்த அம்மாள் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

காரணத்தை வில்மாவிடமிருந்து நெல்டாதான் பிடுங்கி வந்தாள்.

"கார்ப்பெட்டாம்."

"என்ன கார்ப்பெட்?"

"சபைக்குப் புதுக் கார்ப்பெட் வாங்கறப்ப நீ நீலம் வேணும்னு கூட்டத்துல எந்திரிச்சுப் பேசினேல்ல? அவங்க செவப்புக்கு ஆள் சேத்தாங்க. செவப்பு ஜெயிச்சிருச்சு. அந்தக் கோவத்துலதான் நீ கையை மட்டும் குடுக்கறேன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க."

வசந்தகாலத்தில் அந்தக் கார்ப்பெட் விவகாரத்தில் சபை ஏறக்குறைய இரண்டாக உடையப் பார்த்தது உண்மைதான். வெர்லின் அதை மறுநாளே மறந்துவிட்டார்.  ஒலீட்டா அம்மாளை வாரத்தில் தொடுகிற மனிதர் தான் ஒருவர்தான் என்பது அவருக்குத் தெரியும். அந்த அம்மாளே ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை லாரியை மண்சாலைக்குத் திருப்பினார். ஒலீட்டா அம்மாள் வலைக்கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்று பேசினார்.

"தொட்டியில பாதிக்கு மேல இருக்கு. நான் போன் பண்ணலையே."

"சும்மா, போற வழியில எட்டிப் பாத்தேன், மிஸ் ஒலீட்டா."

"இந்த ரோடு என் வீட்டோட முடியுது. நீ எங்க போற வழி?"

வெர்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினார்.

"தோள் எப்படி இருக்கு?" என்றார் ஒலீட்டா அம்மாள். "பக்கத்து வீட்ல குழாய் இழுத்த தோளத்தான் கேக்கறேன்."

"மிஸ் ஒலீட்டா..."

"ஒரு கார்ப்பெட்டுக்காக நீ இப்படி மனசுல வச்சிருப்பேன்னு நான் நெனைக்கல, வெர்லின். நீலம் அழுக்கு தாங்காது. இப்பவும் சொல்வேன்."

"கார்ப்பெட் இல்லங்க."

"அப்ப நான் என்னதான் பண்ணினேன்?"

அந்தக் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. கோய் சொன்னது, குழு, ரகசியம் எல்லாம் வெர்லினின் தலையிலிருந்து போய்விட்டன. திரும்பி நின்று சட்டையின் வலது ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

வலைக்கதவு திறந்தது. ஒலீட்டா அம்மாள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுக்கா?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கோய் சொன்னான். கட்டிப்பிடிச்சா கையில தட்டுப்படுதுங்க."

"இதுக்காகவா கர்த்தர்கிட்டப் போயி தோளுக்குக் கேட்டோம்? மொத வாரம் நானும் முட்டி போட்டேன்டா, அறிவு கெட்டவனே! என் முட்டிக்கு யாரு ஜெபம் பண்றது?"

"தப்புதாங்க."

"என் வீட்டுக்காரர் ஹார்லன் கான்ஸ்டபிளா இருந்த மனுஷன். காலையில போகையில இடுப்புல இரும்பு, சாயங்காலம் திரும்பி வர்றப்பவும் இரும்பு. அதுக்காக நான் அவரைக் கட்டிப்பிடிக்காம விட்டேனா? இந்தப் பக்கம் வா."

அவரே படியிறங்கி வந்து வெர்லினின் இடப்பக்கமாக நின்று, இடது விலாவில் கன்னத்தை வைத்துக் கட்டிக்கொண்டார். தலை வெர்லினின் சட்டைப் பை உயரத்துக்குத்தான் வந்தது. வெர்லின் இடது கையை அவர் முதுகில் வைத்தார். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நின்றார்கள். கோழிகள் காலைச் சுற்றி மேய்ந்தன.

"கேஸ் நாத்தம் அடிக்குது உம்மேல" என்றார் ஒலீட்டா அம்மாள், விடாமலே.

கிளம்பும்போது வெர்லின் கெஞ்சினார். "யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

வில்மாவிடம் மட்டும் சொன்னார். வில்மா, யாருக்கும் அடிபட்டுவிடக் கூடாதே என்ற ஒரே எண்ணத்தில், பெண்களின் வேதாகம வகுப்பில் மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை வெர்லின் கதவைத் திறந்து பிடித்தார். வில்மா வந்தார், நேராக வராமல் அரைவட்டம் போட்டு அவருடைய இடப்பக்கமாக வந்து அணைத்தார். "காலை வணக்கம், வெர்லின்" என்றார், ஒன்றும் தெரியாத முகத்தோடு. அடுத்து வந்தவரும் அரைவட்டம் போட்டார். டால்டன் லம்ப்கின் தன் நீளக் கால்களால் ஒரே எட்டில் சுற்றி வந்தார். அவருடைய மருமகள், பிள்ளைகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, "அந்தக் கால்டா, அந்தக் கால்" என்று அனுப்பினாள். வாசலில் நெரிசலாகிவிட்டது. ஒலீட்டா ப்ரூயட் முன்வாசல் வழியாகத்தான் வந்தார். போன வாரங்களுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

எல்லாரும் உள்ளே போய் முதல் பாட்டு தொடங்கியதும் கோய் வந்தார். முகம் புதுக் கார்ப்பெட்டின் நிறத்தில் இருந்தது.

"எத்தனை பேருக்குடா தெரியும்?"

"எத்தனை பேருக்குத் தெரியாதுன்னு கேளு, சொல்றதுக்குச் சுலபமா இருக்கும்."

"ரகசியக் குழுன்னு சொன்னேன்."

"ஆமா."

"ஊரே ஊர்வலம் மாதிரி உன்னச் சுத்தி வருது."

"என்னைக் குழுவ விட்டு நிப்பாட்டணும்னா நிப்பாட்டிரு, கோய். நான் கதவை விட மாட்டேன். கையும் குலுக்க மாட்டேன்." இதைச் சொல்லிவிட்டு, தானா இதைச் சொன்னது என்பதுபோல வெர்லின் கதவின் கைப்பிடியைப் பார்த்தார்.

கோய் தாடையைச் சொறிந்தார். உள்ளே இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருந்தது.

"யோசிச்சுப் பாத்தா," என்றார் மெல்ல, "அதுலயும் ஒரு நல்லது இருக்கு. நம்ம ஆளுங்க எல்லாம் இடப்பக்கம் வர்றாங்க. வலப்பக்கம் வர்றவன் எவனோ, அவன் வெளியாள். அவன்மேல ஒரு கண்ணு வச்சுக்க."

"அப்ப இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். பேன்ட் புதுசா? நல்லா இருக்கே."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. அதுவரை ஊரில் பார்த்திராத இளைஞன் ஒருவன் படியேறி வந்தான். பின்னாலேயே மனைவி, தோளில் குழந்தைச் சாமான் பை, இடுப்பில் குழந்தை. வெர்லின் கைகளை விரித்ததும் அவன் தயங்கி, நேரே வந்து வலப்பக்கமாக அணைத்துக்கொண்டான். அவன் கை சரியாகத் துப்பாக்கிமேல் போய் விழுந்தது.  ஏதோ நாகரிகத்தில் கையை ஒரு சாண் மேலே நகர்த்திக்கொண்டான், அவ்வளவுதான்.

கோய் கண்ணைக் காட்டினார். வெர்லின் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, சொன்னபடி அந்தப் பையனைக் கவனித்தார். டயர் கடை ஒன்றின் பெயர் போட்ட சட்டை. தோளில் குழந்தை கக்கிய பால் காய்ந்திருந்தது. பாஸ்டர் எழுந்து, "பிரதர் வெர்லினோட தோளைக் கர்த்தர் சுகமாக்கினார்" என்று அறிவித்தபோது சபை இத்தனை பலமாக ஏன் ஆமென் சொல்கிறது, ஏன் பாதிப்பேர் சிரிக்கிறார்கள், முன்வரிசையில் ஒரு வயதான அம்மாள் ஏன் கைதட்டுகிறார் என்று புரியாமல் அவன் மனைவியைப் பார்த்தான். பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் தலை சரிந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பல நாள் தூக்கம் பாக்கி வைத்திருக்கிறவன் தூங்குகிற தூக்கம். குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

வெர்லின் கடைசிவரை அவன்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் கதவுக்குப் போய் நின்றார். அந்தக் குடும்பம் கடைசியாக வந்தது. பையன் தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டினான்.

"பேரு என்ன தம்பி?"

"ட்ரேஸ், சார்."

"அடுத்த வாரமும் வாங்க. வரும்போது இந்தப் பக்கமா வரணும்" என்று வெர்லின் இடது கையை விரித்தார். எதற்கு என்று கேட்காமல் அவன் சுற்றி வந்தான்.